கரூரை விட்டுக்கொடுத்துவிட்டேன், அப்பா

என் அன்பு அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

முதலமைச்சருக்கு எழுதும் மனுவையே இப்படித்தானே தொடங்குவீர்கள். நீங்கள் கர்த்தரிடம் போன பிறகு, இந்த இரண்டு வருடத்தில் நடந்ததில் பெரிய செய்தி, உங்கள் பேத்தி ரூத்துக்கு அரசு வேலை கிடைத்தது. தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஊர் மட்டும் ஈரோட்டுப் பக்கம், பெருந்துறை.

உங்கள் முகம் சுருங்குவது தெரிகிறது. முழுவதும் கேளுங்கள்.

உங்கள் 'காவிரி மாநிலம்' எனக்குக் கிடைக்காத ஒரு வேலையிலிருந்துதான் பிறந்தது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் மண் பரிசோதனைக் கூடம் திறந்தபோது, வேதியியல் படித்த நானும் விண்ணப்பம் போட்டேன். வேலைக்கு வந்த ஆறு பேரும் வெளி மாவட்டம். "நம்ம வயல் மண்ணு எப்படின்னு சொல்ல எங்கேருந்தோ ஆள் வரணுமா?" என்றீர்கள். அந்த வாரமே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தனி மாநிலம் தயார். கிழக்கே கடல், தெற்கே முத்துப்பேட்டை, மேற்கே கரூர் வரைக்கும்.

நெல் கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடந்தவர்களிடம் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினீர்கள். பாவம், நெல்லை விட்டுவிட்டு அவர்கள் எங்கே ஓடுவார்கள்? தலைநகர் எது என்று ஒருவர் கேட்கும்வரை இயக்கம் நன்றாகத்தான் போனது. தஞ்சாவூர் என்றது பாதிக் கூட்டம், கும்பகோணம் என்றது மீதி. சமாதானமாக நீங்கள், நடுவில் இருக்கிற பாபநாசம் என்றீர்கள்.

"பாபநாசமா? பஸ்ஸே ரெண்டு நிமிஷந்தான் நிக்குது. அங்க போயி சட்டசபையா சார்?" என்றார் பக்கத்து வயல் சேகர். இரண்டு தரப்பும் எழுந்து தங்கள் நெல்மூட்டைக்கே போய்விட்டன.

நானும் சிரித்தேன். அத்தனையும் எனக்காகத்தான் என்று தெரிந்தும் சிரித்தேன். ஒருமுறையாவது உங்களுக்கு நன்றி சொன்னேனா?

போன மாதம் ரூத்துக்கு அறை தேடிப் பெருந்துறை போனோம். வேலையில் சேர இரண்டே நாள். மூன்று வீட்டில் இல்லை என்றார்கள். நான்காவது வீட்டுக்காரர் பெயர் சென்னியப்பன். காலண்டர் தாளில் மாநிலம் வரைந்த நாளில் உங்களுக்கிருந்த வயதிருக்கும். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார்.

"ஏனுங்க, எங்கூட்டுப் புள்ள ரெண்டு தடவ அந்தப் பரிச்ச எழுதிப்போட்டுச் சும்மா உக்காந்திருக்குது. தஞ்சாவூர்ல இருந்து வந்து எங்கூரு வேலையத் தூக்கிட்டுப் போறீங்களே, நாயமுங்களா?"

அது உங்கள் கேள்வி, அப்பா. அன்றைக்கு வந்த அந்த ஆறு பேருக்காகவும் யாரோ ஓர் அம்மா நம் ஊரில் அறை தேடி அலைந்திருப்பாள். இத்தனை வருடத்தில் அது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

"வாம்மா, போலாம்" என்று ரூத் கையை இழுத்தாள்.

"வேல உத்தரவயாச்சும் காட்டுங்க, பார்ப்போம்" என்றார் அவர். உத்தரவை வைத்திருந்த உங்கள் பழைய ஃபைலைத் திறந்தேன். உத்தரவோடு அந்தக் காலண்டர் தாள் வரைபடமும் கீழே விழுந்தது. என்னவென்று கேட்டார். சொன்னேன். பாபநாசம் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். விரல் கரூரின் மேல் இருந்தது.

"கரூரு எங்களுதுங்க."

உள்ளே போய்த் தன் வரைபடத்தை எடுத்து வந்தார். அவரும் ஒரு மாநிலம் வைத்திருக்கிறார், அப்பா! அதிலும் கரூர்! அரை மணி நேரம் எல்லைப் பேச்சுவார்த்தை. அவர் மனைவி இரண்டு நாட்டுக்கும் பொதுவாக மோர் கொடுத்தார்.

"கரூர உட்டுக்குடுங்க, ரூமு தர்றனுங்க" என்றார் கடைசியில்.

"குடுத்துடும்மா. நாளன்னிக்கு ஜாயின் பண்ணணும்" என்றாள் உங்கள் பேத்தி.

கொடுத்துவிட்டேன். நீங்களாக இருந்தாலும் கொடுத்திருப்பீர்கள்தானே?

இப்போது ரூத்தும் அவர் மகள் கவிதாவும் மாலையில் ஒன்றாக உட்கார்ந்து அடுத்த தேர்வுக்குப் படிக்கிறார்கள். ரூத் சொல்லிக்கொடுக்கிறாளாம். கவிதாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வேலை போட்டால் நம் மாடி அறை அவளுக்குத்தான். யாரையும் வாசலில் நிறுத்தி நியாயம் கேட்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

ஆனால் சாவியைக் கொடுக்கும் முன் கரூரைத் திருப்பிக் கேட்பேன்.

உங்கள் மாநிலத்தின் மிச்சமிருக்கும் ஒரே உறுப்பினர்,
உங்கள் மகள் எஸ்தர்