ஏழாம் மாடி விருந்தாளியும் உன் அம்மாவும்

சுன்ச்சோன்,
டிசம்பர், வியாழன் காலை

அன்பு மகள் உன்சொலுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்பால் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் ஹாம்பர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். மனசால் சௌக்கியமா என்று கேட்டால் அம்மா சௌக்கியம், நான் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக்கூடாதா என்பாய். ஞாயிற்றுக்கிழமை போன் என் கைக்கு எப்போது வந்திருக்கிறது? அம்மா பேசிப் பேசி அது சூடாகி, அப்பாவும் நல்லா இருக்கார் என்று எனக்கும் சேர்த்து அவளே சொல்லி வைத்துவிடுகிறாள். உன்னோடு அவ்வளவு நேரம் என்னதான் பேசுகிறாள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. என்னிடம் சாப்பாடு ஆச்சு, மாத்திரை போட்டீங்களா, குப்பையைப் பிரிச்சு வச்சீங்களா, இதற்குமேல் பேச்சு கிடையாது.

இதற்கெல்லாம் மூலம் நீதான். பெரியப்பா விட்டுப்போன ஏழாம் மாடி வீட்டை விருந்தாளிகளுக்கு விடலாம் என்று யோசனை சொன்னவள் நீ. ஜன்னலைத் திறந்தால் ஆறு, கீழே பஸ் ஏறினால் கழிமுகம், அங்கே வயல் நிறையப் பெருங்கொக்குகள், ஜனங்கள் வராமல் இருப்பார்களா என்றாய். வந்தார்கள். பனிக்காலம் வந்தால் வீடு காலியாக இருப்பதே இல்லை. தரைச் சூட்டுக் கொதிகலனும் குப்பையும் என் பொறுப்பு, படுக்கை விரிப்பும் பறவையும் அம்மா பொறுப்பு. விடியுமுன் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, ஒளிந்திருந்து பறவை பார்க்கும் கழிமுகத்து மறைகுடிலுக்குப் போய்விடுவாள். அந்த அம்மா இல்லாவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று எல்லாரும் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். இரவெல்லாம் தரையைச் சூடாக வைத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. போகட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பறவை கம்பியில் அடிபடக்கூடாது என்று வயலிலிருந்த மின்கம்பங்களையே பிடுங்கிப்போட்ட ஊர் இது, இதில் நான் எம்மாத்திரம்.

பொறுக்க முடியாமல் போனது இந்த வருஷம் வந்த தோக்கோ என்ற மனிதரால். தேஜோன்காரர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. என்னைவிட வயசு அதிகம்தான், ஆனால் நிமிர்ந்து நடப்பார், சட்டைக் கழுத்து மடிப்புக் கலையாது, மார்பில் விலையுயர்ந்த தொலைநோக்கி தொங்கும். மற்றவர்கள் ஓரிரு நாளில் போவார்கள், இவர் நவம்பர் முழுக்கத் தங்கினார். தினமும் விடியலில் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கும் அம்மா அவரை நம் வீட்டுக்கே கூப்பிடுவாள். மட்டி அவித்தால் கரண்டியால் ஓட்டைத் திறந்து திறந்து அவர் தட்டில் வைப்பாள். நான் என் மட்டியை நானே நெம்பித் தின்றுகொண்டிருந்தேன், நகம் பெயர்ந்தது, யாரும் பார்க்கவில்லை.

அதற்குமேல் கிம்ச்சி போட்ட நாள். முட்டைக்கோஸுக்கு உப்பிட்டது நான், கழுவித் தூக்கியது நான், இடுப்பு ஒடிந்தது எனக்கு. மசாலா தடவிய முதல் இலையைச் சுருட்டி, பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை வைத்து, சிவந்த கையாலேயே அவள் ஊட்டிவிடும் முதல் வாய் யாருக்கு என்று உனக்குத் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து அது எனக்குத்தான். சின்ன வயசில் நீ அதற்காக அழுதபோதுகூட அப்பாவுக்கு அப்புறம்தான் என்றாள். இந்த வருஷம் நான் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன், அந்தக் கை என்னைத் தாண்டிப் போய்த் தோக்கோ வாயில் ஊட்டுகிறது. கீழ்வீட்டு நம்குங் அம்மா வேறு சும்மா இருக்காமல், உன்சொல் அப்பா, வாயை மூடிக்கங்க, ஈ போயிடும் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது மகளே, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பொறாமைதான். இந்த வயசில் பொறாமையா என்று நீ சிரித்தாலும் சரி.

மறுநாள் அவர்கள் பஸ் ஏறியதும் நான் சைக்கிளை எடுத்தேன். குளிருக்கு நீ அனுப்பிய ஆரஞ்சு நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டேன், மலையேறப் போகிற நம்மூர் ஆண்கள் எல்லாரும் அப்படித்தானே போடுகிறார்கள், எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வயலோரம் நாணல் தட்டி கட்டியிருப்பார்கள், பறவைகள் மனிதரைப் பார்க்காமல் இருக்க. மறைகுடிலுக்குப் பின்னால் அந்தத் தட்டியோடு ஒட்டி நின்று காதைக் கொடுத்தேன். உள்ளே உன் அம்மா பேசிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரல்தான், ஆனால் நிற்கவே இல்லை. "இடது பக்கம் மூணு பேருங்க. அப்பா, அம்மா, நடுவுல குஞ்சு. குஞ்சுக்குத் தலை இன்னும் வெளுக்கல. அம்மா நெல்லைக் கிளறிக் கிளறி விடுது, இது சும்மா நிக்குது, சோம்பேறி. அப்பா வாயில ஒண்ணும் போடல, கழுத்தைத் தூக்கிக்கிட்டே நிக்குது. இப்ப அம்மா அது பக்கத்துல போய் நிக்குது." அவர், வெயில் வந்துடுச்சா என்று கேட்டார். "வந்துடுச்சு, முதுகுல மட்டும் பட்டிருக்கு, சாம்பல் நிறம் வெள்ளி மாதிரி ஆயிடுச்சு" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதருக்குக் கண் தெரியவில்லை. பிறகு அம்மாவைக் கேட்டேன், நிழல் மட்டும்தான் தெரியுமாம், வெளியே சொல்ல வெட்கப்பட்டுத் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அந்த வெள்ளி நிறத்தை நானும் பார்க்கலாம் என்று தட்டிக்கு மேலே தலையையும் தோளையும் நீட்டினேன். அவ்வளவுதான். காவல் நின்ற கொக்கு ஒரு குரல் கொடுத்தது, வயல் முழுக்க ஒரே சமயத்தில் எழும்பிவிட்டது. அன்று கொக்குகளுக்குக் காவல் இருக்கும் முறை வந்த விவசாயி குக் ஓடி வந்து, தேர்தலுக்கு ஓட்டுக் கேட்கவா வந்திருக்கீங்க, கட்சிக்காரர் மாதிரி இந்தக் கலரில் என்று கத்தினார். குடிலுக்குள்ளே தோக்கோ என்ன ஆச்சு என்று கேட்பது காதில் விழுந்தது. உன் அம்மா அதே குரலில், கொஞ்சமும் மாறாமல், "எல்லாம் பறந்துடுச்சுங்க. எங்க வீட்டுக்காரர் வந்திருக்கார்" என்றாள்.

பாவம், கண் தெரியாதவர், மட்டியும் கிம்ச்சியும் அதனால்தானே என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் திரும்பினேன். ஆற்றுப்பாலம் வரை அந்த நினைப்பு இருந்தது. பாலம் ஏறும்போது பழையபடி எரிய ஆரம்பித்துவிட்டது, முன்னைவிட அதிகம். ஊட்டிவிட்டதெல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் குரல் இருக்கிறதே, அத்தனை பேச்சு அவளுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் இத்தனை காலம் இருந்தும் எனக்குக் கிடைக்காதது, பார்வை போன ஒருவருக்கு ஒரு மாசத்தில் கிடைத்துவிட்டது. அன்று சாயங்காலம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், எனக்கும் கொஞ்சம் சொல்லேன் என்று. முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, "உங்களுக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே. போய்ப் பாத்துக்கங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தோக்கோ மாசக் கடைசியில் போய்விட்டார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, தரை ரொம்ப இதமாக இருந்தது என்றார், நல்ல மனிதர், அதனாலேயே அவர்மேல் முழுதாகக் கோபப்படவும் முடியவில்லை. அடுத்த வருஷத்துக்கும் நவம்பர் முழுக்கக் கேட்டிருக்கிறார், அம்மா என்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டாள். இந்த வாரம் அதிசயமாக மேல்வீட்டில் விருந்தாளி யாரும் இல்லை. ஆனாலும் நேற்று அவள் விடியுமுன் எழுந்து கிளம்பினாள். நானும் என் பழைய சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். வராதீங்க என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. குடிலில் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே கொக்குகள் நின்றன, எண்ணமுடியாத அளவு. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பிறகு, என்ன பண்றீங்க என்றாள். ஒன்றும் தெரியவில்லை, நீ சொல் என்றேன். கால் மரத்துப் போயிற்று, மூக்கு ஒழுகியது, கண்ணைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு, சொல்ல ஆரம்பித்தாள்.

என்ன சொன்னாள் என்று உனக்கு எழுதமாட்டேன். நீ கேட்டாலும் சொல்லமாட்டேன். அந்த ஒன்றாவது எனக்கு மட்டும் என்று இருக்கட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையும் நீயும் ஒருவருக்கொருவர் நிறையப் பேசிக்கொண்டு நல்லபடி வாழ வேண்டும், இது என் ஆசீர்வாதம். பதில் எழுதினால் உறையின் மேல் என் பெயரை மட்டும் போடு.

இப்படிக்கு
உன் அப்பா
மா பியோங்தோ