எடை விலைக்கு மேலே ஒரு ஓவர்லாக்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் மிஷின்கள் பன்னிரண்டும் வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏலம் போகின்றன. இன்று காலை இதைச் சொன்னவள் என் தங்கை சரசு. சொன்னது உங்கள் மனைவி என்பதால் வேறு யாரிடமும் உறுதி கேட்கவில்லை. நீங்கள் இறந்துபோன பிறகு எட்டு மாதம் தனியாக நடத்திப் பார்த்தாள். ஆர்டர் போதவில்லை. மாதக் கடைசிக்குள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும்.

பழைய மிஷின் வியாபாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாம் பழைய இரும்பு எடைக்குத்தானுங்க்கா போகும்" என்றாராம். போன வாரம் வரை பனியன் தைத்த மிஷின்கள், மாப்பிள்ளை! போன் எண்ணை வாங்கி நானே அவரைக் கூப்பிட்டேன். மற்றவர்கள் கூடுதலாகக் கேட்க மாட்டார்களா என்றேன்.

"கேக்க மாட்டாங்க. பேக்கரியிலயே பேசியாச்சுங்க" என்று சிரித்தார்.

மறைக்கக்கூட இல்லை. யார் விலை கேட்பது, யார் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்பதை டீ குடித்தபடியே முடிவு செய்துவிடுகிறார்கள். இருப்பதிலேயே மோசமான மிஷினை முதலில் வைக்கச் சொல்வார்கள். அது எடைக்குப் போய்விட்டால், பின்னால் வருபவையும் அதே விலைக்குப் போகும்.

எதிர் ஷெட் அந்தோணியின் கம்பெனி நொடித்தபோதும் இதே கூத்துதான். தெருவில் மிஷின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். முதலில் வந்தது மோட்டார் இல்லாத ஓர் ஓவர்லாக், துணிக்கு ஓரம் அடிக்கும் மிஷின். வியாபாரி எடை விலை சொன்னார். டீ டம்ளரோடு நின்ற நீங்கள் அதற்கு இரண்டு மடங்கு கேட்டீர்கள்.

"ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா? அதுல மோட்டாரே இல்லீங்க!"

"தெரியுதுங்க. டேபிள் நல்லா இருக்குதுங்க."

தெருவே சிரித்தது. அதிகம் சிரித்தவன் நான். சிரித்த கையோடு பத்திரிகை அலுவலகம் போய், மதிப்புத் தெரியாமல் வாங்குகிறவர்களைக் கிண்டல் செய்து என் வாரப் பத்தியை எழுதினேன். பெயர் போடவில்லை. தெருவுக்கே தெரிந்திருந்தது. நீங்கள் அதைப் பேக்கரியில் சத்தமாகப் படித்து, "மச்சான் என்னைய பேப்பர்ல போட்டுட்டாருங்க, எல்லாருக்கும் டீ சொல்லுங்க" என்றீர்கள். சரசு அன்றோடு நான் எழுதுவதைப் படிப்பதை நிறுத்தினாள்.

ஏன் வாங்கினீர்கள் என்று பிறகு ஒருமுறை கேட்டேன். "நெசமாலுமே நல்ல டேபிளுங்க மச்சான்" என்றீர்கள். ஏழு வருடமாக உங்கள் ஷெட் மூலையில் நிற்கிறது அந்த ஓவர்லாக். மேலே சாப்பாட்டுத் தூக்குகள். அதற்கு டிபன் மிஷின் என்றே பெயர்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்கள் மேலும்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த வாரமே திருத்தி எழுதியிருப்பேனே? ஆனால் அந்த ஏலத்தை முதல் மிஷினோடு விட்டுவிட்டு வந்தவன் நான். மீதி என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு ஏழு வருடமா வேண்டும்?

இன்று மதியம்தான் அந்தோணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். இப்போது ஒரு கம்பெனியில் செக்கிங் மாஸ்டராக இருக்கிறார்.

"ஓடாத மிஷினுக்கே ரெண்டு மடங்குன்னா, ஓடுத மிஷினுக்கு எடை வெல சொல்ல அவங்களுக்கு வாய் வரல அண்ணாச்சி. மிச்சமெல்லாம் மிஷின் வெலைக்குத்தான் போச்சு. அவரு மட்டும் கேக்கலன்னா நான் அன்னைக்கே குடும்பத்தோட தூத்துக்குடி பஸ் ஏறியிருப்பேன்."

இதை எழுதியிருக்க வேண்டியவன், சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

சாயங்காலம் ஒரு பணக் கவரோடு சரசுவிடம் போனேன். அவள் அதைத் தொடவில்லை. "மிஷின் வேணும்னா ஏலத்துல வந்து வெல கேளுங்கண்ணா. சும்மா குடுக்கறதுன்னா எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள். திட்டு வாங்கிக்கொண்டு வண்டியில் வரும்போதுதான் அந்த இரண்டு மடங்கு எனக்கு விளங்கியது. கூடுதலாகக் கொடுத்தீர்கள். ஆனால் அந்தோணி யாரிடமும் கை நீட்டவில்லை. தன் மிஷினை விற்றார், அவ்வளவுதான்.

ஆனாலும் கேட்கிறேன்: ஓடுகிற மிஷினுக்கு உரிய விலை கிடைக்க, ஒவ்வொரு முறையும் தெருவில் ஒருவன் முட்டாளாக நிற்க வேண்டுமா? வியாழக்கிழமை நான் அப்படி நின்ற பிறகும் அவர்கள் வாயைத் திறக்காவிட்டால்?

இந்தக் கடிதம் புதன்கிழமை அச்சில் வரும். வியாபாரிகள் படித்தால் படிக்கட்டும். சரசு படிக்க மாட்டாள்.

முதலில் வைக்கப்போவது டிபன் மிஷினைத்தான். எடை விலைக்கு இரண்டு மடங்கு கேட்பேன். கண் தெரிகிறதா என்று கேட்டால் டேபிள் நன்றாக இருக்கிறது என்பேன். மீதிப் பதினொன்றும் என்ன விலைக்குப் போகும் என்பது வியாழக்கிழமை மதியத்துக்குள் தெரிந்துவிடும். இந்த முறை கடைசி மிஷின் போகும்வரை அங்கேயே நிற்பேன், மாப்பிள்ளை.

உங்களைப் பார்த்து ஊரறியச் சிரித்த
உங்கள் மச்சான்