கழற்றாத ஊதா

அத்தை, நேற்று மத்தியானம் தி.நகரில் ஒரு திரைத்துணிக் கடையில் ஊதாத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புதுத் துணியின் கஞ்சி வாசனை. உங்கள் தையல் மெஷின் பக்கத்தில் எப்போதும் அடிக்குமே, அதே வாசனை. கடைக்காரர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஹாலுக்கா இந்தக் கலரு? ஒரே இருட்டா பூடும். வேற காட்டட்டா?" என்றார். வேறு வேண்டாம், இதே நிறம்தான் வேண்டும் என்றேன். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். துக்கம் என்று அவர் நினைத்திருப்பார். எரிச்சல், அத்தை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஹால் ஜன்னலின் பெல்மெட் துணி கிழிந்துவிட்டது. கிழிசலில் தொங்கிய துணியில்தான் அந்தத் துண்டை வெட்டியெடுத்தேன். அடியில் வெள்ளையாக லைனிங் தெரிகிறது, அதே நிறத்தில் வாங்கி ஒட்டுப் போட்டுவிடு, அப்பா கண்ணில் பட்டால் வருத்தப்படுவார் என்றார் உங்கள் மகன். எதை எப்போது கழற்றலாம் என்று ஒன்றரை வருஷமாகக் காத்திருப்பவளுக்கு, அதையே ஒட்டுப் போட்டு நீடிக்க வைக்கிற வேலை.

பெல்மெட் என்ற சொல்லையே நான் பெசன்ட் நகருக்கு வாழ வந்துதான் கேட்டேன். திரைக் கம்பியும் வளையமும் வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னலுக்கு மேலே மரச்சட்டம் அடித்து, அதன் முகத்துக்குச் சுருக்கு வைத்துத் துணி தைத்து மாட்டியிருந்தீர்கள். ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு அம்மாவின் பழைய புடவைதான் திரை. ஒன்றில் பூப்போட்டது, பக்கத்தில் கட்டம் போட்டது. யாரும் அதைப் பற்றி யோசித்தது கிடையாது.

உங்கள் வீட்டில் நிறம் என்றால் சட்டம். கோயிலில் ஃபாதர் எந்த நிற உடுப்பில் பூசை வைக்கிறாரோ அந்த நிறம் வீட்டுக்கும் வந்துவிடும். பொதுக்காலம் முழுக்கப் பச்சை. தூய ஆவி திருவிழாவுக்குச் சிவப்பு. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் வெள்ளை. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்துக்கு ஊதா. மாதா திருநாளுக்கு மட்டும் ஃபாதரைக் கேட்காமல் உங்கள் இஷ்டத்துக்கு நீலம். பெல்மெட், ஸ்கிரீன், சோபா உறை, சாப்பாட்டு மேஜை விரிப்பு, தண்ணீர் ஃபில்டருக்குப் போட்ட குல்லா வரைக்கும் ஒரே நிறம். பச்சைக் காலத்தில் நான் ஆரஞ்சு நைட்டியோடு ஹாலுக்கு வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். ஒரு பார்வை, அவ்வளவுதான். நான் போய் மாற்றிக்கொண்டு வருவேன். என்னையும் ஒரு உறையாகத்தான் வாங்கி வந்திருக்கிறார்கள் என்று புதிதில் என் அக்காவிடம் போனில் அழுதிருக்கிறேன்.

நமக்குள் சண்டையே இல்லாத ஒரு இடம் இருந்தது. ஹாலின் கிழக்கு ஜன்னல். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்குக் கடல் தெரியும். சாயங்காலம் டீயோடு நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். படகு போனால் விரலால் காட்டுவீர்கள். பேச்சே தேவைப்படாது.

தவக்காலம் வந்தால் அதையும் மூடிவிடுவீர்கள். ஊதா ஸ்கிரீனை இழுத்து, நடுவில் மேலிருந்து கீழ்வரை ஊக்கு குத்திவிடுவீர்கள். கறியை விடுவது ஊரே செய்வது, நமக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விட்டால்தான் ஒறுத்தல் என்பீர்கள். சரி, உங்கள் ஒறுத்தலுக்கு என் கடலையும் ஏன் மூடுகிறீர்கள் என்று ஒரு வருஷம் கேட்டே விட்டேன். வாயில் கவ்வியிருந்த ஊக்கை எடுத்துவிட்டு, "ஈஸ்டர் வராமயா போயிடும்?" என்றீர்கள்.

ஒவ்வொரு வருஷமும் வந்தது. ராத்திரி பாஸ்கா பூசை முடிந்து வந்து, நாங்கள் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுவதற்குள் எல்லா ஜன்னலும் வெள்ளையாகியிருக்கும். கிழக்கு ஜன்னல் திறந்திருக்கும். அந்த முட்டிவலியோடு ஸ்டூலில் ஏறி இறங்கி இத்தனையையும் எப்படித்தான் மாற்றினீர்களோ. உதவிக்கு வந்தால், போய் டீயைப் போடு என்று விரட்டிவிடுவீர்கள்.

பிறகு ஒரு தவக்காலத்தில், குருத்து ஞாயிறு நெருங்கும்போது, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. ஊதா ஜன்னல்களுக்குக் கீழேதான் உங்கள் பெட்டியை வைத்தோம். கடைசியிலும் எல்லாம் மேட்சிங்காக அமைந்துவிட்டது பார் என்று மாடி வீட்டு ஆன்ட்டி என் காதோரம் சொன்னார். எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. கேட்டிருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள்.

அந்த ஈஸ்டர் காலையில் உங்கள் மகன் ஸ்டூலை எடுத்து வந்தார். ஜன்னலுக்கு எதிரே நாற்காலியில் இருந்த மாமா குரலை உயர்த்தவே இல்லை.

"அவ மாட்டுனது. அவளே வந்து கழட்டட்டும்."

ஸ்டூல் திரும்பப் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குப் பச்சையும் வரவில்லை, கிறிஸ்துமஸும் வரவில்லை. அடுத்த ஈஸ்டரும் ஊதாவிலேயே போனது. எனக்கு ஆபீஸ் வேலையும் இப்போது வீட்டிலிருந்தேதான். பட்டப்பகலில் ட்யூப்லைட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீடியோ மீட்டிங்கில் ஒரு பெண், பின்னால் என்ன, சினிமா தியேட்டரா என்று கேட்டாள். மழை பெய்தால்கூட மாடியில் துணி நனைந்த பிறகுதான் தெரியும். ஒருநாள் அந்த ஸ்கிரீனில் முகத்தைப் பதித்து, துணி வழியாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். தூசிதான் வந்தது. ஆதம்பாக்கம் போய்விடலாம் என்று பையை எடுத்தேன். மாமாவின் மாத்திரை நேரம் வந்ததும் பையை எடுத்த இடத்திலேயே வைத்தேன். உங்கள் மகனிடம் சொன்னால், கொஞ்ச நாள் போகட்டும் என்பார். எவ்வளவு நாள் என்றால் பேப்பரை விரித்துக்கொள்வார். உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது, அத்தை. நீங்கள் ஆரம்பித்துவிட்டுப் போன ஒறுத்தலை, முடிக்கத் தெரியாமல் நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

நேற்று சாயங்காலம் மாதா கோயிலில் திருநாள் கொடியேற்றம். நேர்த்திக்காகக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்களின் பாட்டு நம் தெருவில் கேட்டது, ஆள் தெரியவில்லை. நான் கிழக்கு ஜன்னலடியில் ஸ்டூலைப் போட்டு ஊசி நூலோடு ஏறினேன். மாமா நிமிர்ந்து பார்த்தார். ஒட்டுப் போடத்தான் என்றதும் தலையசைத்தார்.

கிழிசலில் தெரிந்தது லைனிங் இல்லை. லைனிங்குக்கு யாரும் லேஸ் வைத்துத் தைக்க மாட்டார்கள். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஊதாவுக்கு அடியில் ஈஸ்டரின் வெள்ளைத் துணி முழுசாக மாட்டியிருந்தது. அதன் மேல் ஊதாவைப் பெரிய பெரிய தையலாக ஒரே நூலில் ஓட்டி, ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தீர்கள். முடிச்சைப் பிரித்து இழுத்தேன். நூல் தடையில்லாமல் வந்தது. ஊதா மொத்தமும் கழன்று என் தோளில் விழுந்தது.

எப்படி மாற்றினீர்கள் என்று வியந்தேனே, இப்படித்தான். தவக்காலம் தொடங்குகிற ஒவ்வொரு திருநீற்றுப் புதனுக்கும் முதலில் ஈஸ்டரை மாட்டிவிட்டு, அதன் மேல்தான் தவக்காலத்தை மாட்டியிருக்கிறீர்கள்.

திரும்பினால் மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். தோளில் கிடந்த ஊதாவை விலக்கிவிட்டு லேஸைக் காட்டினேன்.

"மாமா, வெள்ளையையும் அவங்களே மாட்டி வச்சிட்டுத்தான் போயிருக்காங்க."

அவர் கிட்டே வந்து லேஸைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஸ்கிரீனில் துருப்பிடித்துக் கிடந்த ஊக்குகளைத் தன் கையாலேயே கழற்ற ஆரம்பித்தார். தாழ்ப்பாள் இறுகியிருந்தது, உங்கள் மகன் வந்து தட்டித் திறந்தார். காற்று உள்ளே வந்து காலண்டரைப் புரட்டியது. மாமா கீழே போகிற காவிக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாதா திருநாளுக்கு அவ நீலமில்ல போடுவா?" என்றார்.

பரணில் நீலம் இருந்தது. இன்று காலையில் மாட்டினேன். சுருக்கு சரியாக விழவில்லை, நீங்கள் இருந்தால் ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள். இதற்கு அடுத்து பச்சைதானே என்று மாமா இப்போதே கேட்கிறார். இந்த ஜன்னல்களெல்லாம் இனி என் தலையில்தான் என்று புரிந்துவிட்டது. தப்பித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, அத்தை. ஆனால் சாயங்காலம் டீயோடு போய் என் பக்கத்தில் நின்றேன். உங்கள் பக்கம் காலியாக இருந்தது. ஒரு படகு போனது.

நேற்று வாங்கிய ஊதாத் துணி பையிலேயே இருக்கிறது. வருகிற தவக்காலத்தில் அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டு மாட்டுவேன். அதற்கு முன்னால் வெள்ளையை மாட்டிவிடுவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லவில்லையே.