சாப்பிடாமல் வந்த கல்யாணம்

மார்ச் 3

தையல்காரி மகளுக்குக் கல்யாணம். சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன். முன்பல் இரண்டும் ஆடுகின்றன. நாலு பேர் நடுவில் எதையாவது கடிக்கப்போய்த் இலையிலேயே விழுந்துவிட்டால்? "தலைவலி" என்றேன். தையல்காரியின் முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருடச் சினேகிதி. போகட்டும், அவளைச் சமாதானம் செய்ய எனக்கா தெரியாது!

மார்ச் 9

கடைக்குப் போனேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை.

"எங்க வீட்டுச் சோறு உனக்கு இறங்கலையாக்கும்!"

பல்லைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் மைக் பிடித்தவள் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று ஊருக்கே சொன்ன வாய்க்கு, பல் ஆடுகிறது என்று சொல்ல வெட்கம். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 10

காலையில் கஞ்சி. ராத்திரியும் அதே.

மார்ச் 22

ஏன் இப்படி ஆயிற்று? உண்மையைத்தான் எழுதுவேன். அவர் இருந்தவரை ராத்திரி சாப்பிட்டதும் இருவரும் வாஷ்பேசின் முன் இடித்துக்கொண்டு நின்று பல் தேய்ப்போம். அவர் போன பிறகு — யாருக்காகத் தேய்க்க? பேசாமல் போய்ப் படுத்துவிடுவேன். இரண்டு வருடம். ஈறு சும்மா இருக்குமா? பல் ஆட ஆரம்பித்ததும் சிரிப்பதை விட்டேன். அப்புறம் நாலு வீட்டுக்குப் போவதையும் விட்டேன். இப்ப இவளும் பேச மாட்டேங்கறா. அழுகையா வருது.

சே! அழுதா பல்லு முளைச்சிடுமா? டாக்டர்கிட்ட போடி!

ஏப்ரல் 2

பல் டாக்டர் சின்னப் பெண். நாலு பல்லை எடுக்க வேண்டும், மற்றதைக் காப்பாற்றிவிடலாம் என்றாள். பிறகு, "யாரோட சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டாள்.

"பல்லுக்கும் அதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தனியா இருக்கறவங்க நிறையப் பேர் பல்லைக் கவனிக்கிறதில்ல. பல்லு போனதும் இன்னும் தனியாயிடறாங்க. ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 11

நாலும் எடுத்தாச்சு. பல் செட் வர இரண்டு மாதம் ஆகுமாம். 'பல்லுப் போனால் சொல்லுப் போச்சு' என்பார்கள். யாருக்கு? எனக்கா? பார்க்கலாம்.

ஏப்ரல் 20

மத்தியானம் நேரே தையல் கடைக்குப் போய் வாயைத் திறந்து காட்டினேன். "இதுக்குத்தான்டி அன்னைக்குச் சாப்பிடாம வந்தேன். இப்ப பசிக்குது."

"இதைச் சொல்ல உனக்கு ஒன்றரை மாசமா, பாவி!"

திட்டிக்கொண்டேதான் சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள். அவளும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாணக் கூத்தை எல்லாம் சொன்னாள். பொக்கை வாயோடு சிரித்தேன், கையால் மூடிக்கொள்ளவில்லை. எழுந்திருக்கும்போதுதான் என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். "என்னடி, ரவிக்கை இப்படித் தொளதொளன்னு தொங்குது? எல்லாத்தையும் எடுத்துட்டு வா."

ஏப்ரல் 23

நாலு ரவிக்கையும் பிடித்துத் தைத்து வைத்திருந்தாள். போட்டுப் பார்த்தேன், கச்சிதம்.

"துணியை வெட்டல. உள்ளேயே விட்டுத்தான் தைச்சிருக்கேன். இனிமே தினம் இங்கதான் சாப்பிடப் போற, பிரிச்சு விடணுமில்ல" என்றாள்.