பழப்புளி தின்ற பிஸ்டன்

உம்முடைய இயந்திரத்தில் பழப்புளி மணக்கிறது. எண்ணெய் மணக்க வேண்டிய இடம் அது. போன மாதம், நீர் செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டிருந்த நேரம், உம் மனைவி அதைச் சீலைத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். வீட்டுக்கு வந்து மேசையில் வைத்து அவிழ்த்தேன். குத்துவிளக்கு மாதிரி மின்னியது. வேலை செய்யும் இயந்திரம் எதுவும் அப்படி மின்னுவதில்லை. மனிதரிலும் அப்படித்தான் என்பதால் எனக்கு உடனே சந்தேகம் தட்டியது.

ஒரு முழப் பலகையில் ஏற்றிய சின்ன நீராவி இயந்திரம். செம்புக் கொதிகலன், பித்தளை உருளை, அதற்குள் பெருவிரல் பருமனில் ஒரு பித்தளைப் பிஸ்டன், சிரட்டை அகலத்தில் ஒரு சக்கரம். தொழிற்சாலைப் பட்டறையில் நாம் இருவரும் வேலை பழகிய காலத்தில், மதிய இடைவேளைகளைத் திரட்டி இரண்டு வருடத்தில் செய்தோம். தோட்டக்காரரான உம்முடைய தகப்பனார் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இறைக்குமா என்று கேட்டார். இறைக்காது என்றதும் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறப் போய்விட்டார். இன்றுவரை அதைப் பற்றி வந்த விமர்சனங்களில் நேர்மையானது அதுதான்.

பிஸ்டனை உருளைக்குப் பொருத்தியது நீர். மூன்று நாள் தேய்த்தீர். நான் அவசரப்படுத்தியபோது தலை நிமிராமல் சொன்னீர்: “ஆவிக்குக் கண் தேவையில்லை ஐசே. உம்மடை பிழையை அது தடவியே கண்டுபிடிக்கும்.”

ஒரு வருடம் உம் வீட்டில், ஒரு வருடம் என் வீட்டில் என்பது ஏற்பாடு. யுத்தத்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது நான் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், நீர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தீர். என் சான்றிதழ்களைப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. நமக்குள் கதைபேச்சு நின்றபோது அது உம்முடைய வருடம், இயந்திரம் உம் வீட்டில். அந்த வருடம் இருபத்தாறு வருடம் நீண்டது.

காரணத்தையும் எழுதிவிடுகிறேன், எழுதினால்தான் அதன் அளவு தெரியும். உம்முடைய மகளின் கலியாணம். நம்முடைய பகுதியில் கலியாணத்துக்கு வீடு தேடி வந்து சொல்ல வேண்டும். அட்டை தனியே வந்தால் அது அழைப்பு அல்ல, அவமதிப்பு. உம்முடையது தபாலில் வந்தது. நீர் கால் முறிந்து கட்டுப் போட்டுக் கிடந்தீர் என்பது எனக்குத் தெரியும். கார் பிடித்து வந்திருக்கலாம் என்று என் வீட்டு விறாந்தையில் கூடிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காளியும் சாட்சியும் நீதிபதியும் நானே ஆனபடியால் கருத்து வேற்றுமை ஏற்படவில்லை. நான் கலியாணத்துக்கு வரவில்லை. கால் சுகமானதும் நீர் வந்து விளக்கம் சொல்வீர் என்று நான் இருந்தேன். வராதவர் வந்து விளக்கம் சொல்லட்டும் என்று நீர் இருந்தீர். என்னுடைய வட்டுக்கோட்டையிலிருந்து உம்முடைய புத்தூருக்கு இரண்டு பஸ்.

ஓய்வு பெற்றதும் என் வயதுக்காரர் கோயில் நிர்வாக சபைகளுக்குள் புகுந்தார்கள். நான் ஒரு சிறிய கடைசல் எந்திரம் வாங்கி மறுபடி இதற்குள் புகுந்தேன். இரண்டுமே சூடேறுகிற வேலைகள். இதில் பாதுகாப்பு வால்வு உண்டு. லண்டனில் பழைய சாமான் சந்தைகளில் மகன் பொறுக்கி அனுப்பிய, இதைப் போன்ற சின்ன நீராவி இயந்திரங்களைத் திருத்தினேன். முன்பின் அறியாத யாரோ எண்ணெய் விடாமல் கெடுத்தவை. பதினொன்றை ஓட வைத்தேன். அந்த ஆட்களில் ஒருவர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை.

உம்முடைய செத்தவீட்டுக்கு முதல் ஆளாக வந்தேன். ஒருவரோடு ஆயுள் முழுக்கக் கதைக்காமல் இருக்கலாம், அவருடைய செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்கக்கூடாது என்பது நம்முடைய பண்பாடு. நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். ‘இணைபிரியா நண்பர்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு அச்சுப்பிழையும் இல்லாமல் வந்திருந்தது.

கொதிகலனில் தண்ணீர் விட்டு, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்திச் சக்கரத்தைத் தட்டிவிட்டேன். அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பிஸ்டனைச் சுற்றி ஆவி சீறியது. கழற்றிப் பார்த்தேன். பிஸ்டன் தேய்ந்து, உருளைக்குள் மணியின் நாக்கு மாதிரி ஆடியது. அதன் உடம்பெல்லாம் நுண்ணிய கீறல். பழப்புளியும் செங்கல் தூளும் போட்டு விளக்கு மினுக்குவது போல மினுக்கியிருக்கிறார்கள். சக்கரத்தை மினுக்கலாம், கொதிகலனை மினுக்கலாம். பிஸ்டனை மினுக்குவது, மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துக் கண்ணையும் செங்கல் தூளால் துலக்குவது மாதிரி.

அந்தக் கோபத்தோடு புத்தூருக்கு வந்தேன். உமக்குத் தெரியாமல் நடந்த காரியம் என்று முடிவு கட்டியிருந்தேன். பிஸ்டனை உம் மனைவியின் முன் வைத்து, இதைக் கழற்றி மினுக்கச் சொன்னது யார் என்று கேட்டேன்.

“எனக்கு உதுகள் கழட்டத் தெரியுமே அண்ணை? அவர்தான் கழட்டித் தாறவர். பொங்கலுக்கு, வருஷப்பிறப்புக்கு, தீவாளிக்கு. ‘ஆள் இண்டைக்கு வந்தாலும் வரும். வந்தவுடனை உள்ளுக்கைதான் பாக்கும், ஒரு கறுப்பும் இருக்கக்கூடாது’ எண்டு உங்களைத்தான் சொல்லுவார்.”

தேயும் என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். கேட்கும்போதே அது மூடத்தனமான கேள்வி என்று தெரிந்தது. மூன்று நாள் தேய்த்தவர் நீர்.

“தெரியும். நானும் கேட்டனான். ‘தேஞ்சால் என்ன, ஆள் வந்து புதுசு கடைஞ்சு தரும்’ எண்டவர்.”

பிறகு தேத்தண்ணி தந்தார். சீனி போட்டிருந்ததா என்று நினைவில்லை. என்னில் கோபமா அண்ணை என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

அடுத்த நாள் காலையில் ஒரு பித்தளைத் துண்டை எடுத்துக் கடையத் தொடங்கினேன். உருளையோடு வைத்துத் தேய்த்தேன், எண்ணெய் விட்டேன், பூட்டினேன். இயந்திரம் ஓடுகிறது. உம் மனைவிக்குத் தொலைபேசியில் சத்தத்தைக் கேட்கவிட்டேன். உம்முடைய தேய்ந்த பிஸ்டன் என் சட்டைப் பையில் கிடக்கிறது. குனியும்போதெல்லாம் நெஞ்சில் இடிக்கிறது.

புதியதைக் கடைந்து முடிக்க எனக்கு அரை நாள் ஆனது. இருபத்தாறு வருடமும் அது அரை நாள் வேலைதான்.