எரிகோ மதிலைப் பற்றி நீங்கள் கேட்டது

பாசமுள்ள என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. முத்தையாபுரம் வீட்டுக்கு நான் போனால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறான். ஒருமுறை மட்டும் வாசலில் நின்று சொன்னான்: "ஏளா, அப்பாவ விசுவாசமில்லாம அனுப்பி வச்சவ நீதான்." அது உண்மையாக இருந்தால் நான் என்ன செய்வேன், அப்பா?

வாரமெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வேதபாட வகுப்பில், யோசுவாவின் ஆட்கள் எக்காளம் ஊதி ஆர்ப்பரித்ததும் இடிந்து விழுந்த எரிகோ மதிலைப் பற்றிப் பேசுவீர்கள். வேதத்தில் வரும் ஊர்களில் மண்ணுக்கடியில் எது கிடைத்தாலும் அந்தச் செய்தியை வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பீர்கள். "தோண்டத் தோண்ட வேதம் மெய்னு தெரியும், பாத்துக்கிடுங்க" என்பீர்கள். அதைக் கேட்டு வளர்ந்துதான் நான் தொல்லியல் படித்தேன். படித்த பிறகு அந்தப் பேச்சை உங்களிடம் எடுக்கவே பயந்தேன். வேலை எப்படி என்று கேட்பீர்கள். வெயில் அதிகம் என்பேன்.

ஈரலில் புற்று, இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீடு வந்த மறுநாள் காலையில், அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஏளா, நீ படிச்சவ. எரிகோ மதில் விழுந்தது நெசந்தான?"

"மதில் விழுந்திருக்குப்பா. ஆனா யோசுவா காலத்துக்கு ரொம்ப முன்னாடியே விழுந்துட்டுன்னுதான் நெறைய பேரு சொல்லுதாங்க."

"அப்ப யோசுவா வரும்போது?"

"அங்க பெரிய ஊரே இல்லங்காங்க. இன்னும் விவாதம் ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். அகழாய்வு நடக்கும் இடத்துக்குப் போக எனக்குப் பேருந்துக்கு நேரமாகியிருந்தது. போய்விட்டேன்.

மூன்றாம் நாள் இறந்துபோனீர்கள். அதுவரை அம்மா வேதத்தைக் கையில் எடுத்தாலே வேண்டாம் என்று கை காட்டினீர்களாம். குருவானவர் வந்து ஜெபித்தபோது ஆமென் சொன்னீர்களா? உதடு அசைந்தது என்கிறாள் அம்மா. இல்லவே இல்லை என்கிறான் அண்ணன். நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

போன மாதம் தாமிரபரணிக் கரையில் ஒரு முதுமக்கள் தாழியைத் திறந்தோம். எலும்புகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதன் அடியில் நெல் உமி. போகிறவருக்குப் பசிக்கும் என்று யாரோ வைத்தது. அதை அளந்து வரைந்துகொண்டிருந்தவள் பாதியிலேயே எழுந்தேன். குழியிலிருந்து ஏறி, வேலியோரம் உட்கார்ந்து அழுதேன். மண் சலிக்கும் பேச்சியக்கா தண்ணீரோடு வந்து, "ஏளா, எதுக்கு இப்படி அழுவுத?" என்றார். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

நீங்கள் மதிலைப் பற்றியா கேட்டீர்கள்? சாகப்போகிறேன், எங்கே போவேன் என்றல்லவா கேட்டீர்கள். நான் ஆராய்ச்சியைச் சொல்லிவிட்டு எழுந்து போனேனே.

பொய் சொல்லியிருக்க வேண்டுமா? இன்றைக்குக் கேட்டாலும் என்னால் முடியாது. ஆனால், "எனக்குத் தெரியலப்பா, பயமா இருக்கா?" என்று கேட்டிருக்கலாம். உங்கள் காலையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கல்லறைக்கு வந்தால் ஜெபம் வரமாட்டேன் என்கிறது. இதை எழுதுகிறேனே, இதுவாவது உங்களுக்குக் கேட்குமா?

போன ஞாயிறு, கோயிலிலிருந்து வந்ததும் அம்மா கேட்டுவிட்டாள்: "ஒங்கப்பா எங்க இருக்காரு? மோட்சத்துலதான?" அண்ணன் என் முகத்தையே பார்த்தான். "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அம்மா வெகுநேரம் அழுதாள். சாயங்காலம்வரை அவளை அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். வேறெதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது, அப்பா. இனி ஞாயிறுதோறும் நான்தான் அவளுக்கு வேதம் வாசிப்பேன். எனக்கு விசுவாசம் வந்தாலும் வராவிட்டாலும் வாசிப்பேன். அவளாகப் போதும் என்று சொல்லும்வரை நிறுத்தமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பதில் தெரியாத உங்கள் மகள்,
ஜாஸ்மின்