பீர்மேடு ஏற ஒரு ஹீட்டர்

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் மூடாப்பு. தூறல் இல்லை. திராட்சைக்கு மருந்து அடிப்பதா வேண்டாமா என்று சொல்லாத வானம். அடிக்கவில்லை.

ஜொஹராவுக்கு ஐந்தாவது ஊசி போட்டு இன்று ஏழு நாள். விரல் இன்னும் மரத்தே இருக்கிறதாம். புற்றுநோய் மருந்தில் இந்த ஒன்றுக்கு இப்படித்தான் ஆகும், குளிர்ந்தது எதுவும் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். எவர்சில்வர் டம்ளரைத் தொட்டால் கை சுண்டி இழுக்கிறது. பச்சைத் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கிறது. வெயில் ஊரான கம்பத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு, கம்பளிக் காலுறையும் கையுறையும் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என் மனைவி. பால்காரர் பார்த்துச் சிரித்துவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

மதியம் பீர்மேட்டிலிருந்து மகள் நூரு போன். எட்டாம் மாதம். இரண்டு தடவை ரத்தம் பட்டிருக்கிறது. படுத்தே இருக்க வேண்டும், மலை இறங்கவே கூடாது என்று அங்கே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். மகள் இறங்க முடியாது. தாய்வீடுதான் மலை ஏற வேண்டும்.

போனை வைத்ததும் ஜொஹரா, "நான் போறேங்க."

"அங்கன குளிரு தெரியும்ல."

"வீட்டுக்குள்ள அடுப்படி இருக்கு. வழிதான் குளிரு. நம்ம கார்ல ஹீட்டர் இருந்துச்சுல்ல?"

இருந்தது.

வாடகை வண்டி பிடிக்கலாம் என்றேன். வாந்தி வந்தால் அடுத்தவன் வண்டியில் கூச்சமாக இருக்கும் என்றாள். பேச்சு முடிந்தது.

10, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போன். டாக்டர் சொன்னவை:
- கொஞ்ச நாள் போகலாம். உடம்பு குளிரக் கூடாது.
- 23ஆம் தேதி ஆறாவது ஊசி. கட்டாயம்.
- மொத்தம் எட்டு. நடுவில் விட்டால் இதுவரை போட்டதற்கும் பலன் இல்லாமல் போகலாம்.

போன் பேசும்போது குறித்த சீட்டில் கடைசியை இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை.

வண்டியை முருகேசனிடம் விட்டேன். தொண்ணூற்றெட்டு மாடல் கார். இருபது வருடமாக அவன்தான் மெக்கானிக். பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போக வேண்டிய இரண்டு ரப்பர் குழாயையும் காட்டினான். இரண்டையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து மாட்டியிருந்தது.

"பாய், இது நீங்க சொல்லித்தான் செஞ்சது. கால்மாட்டுல தண்ணி ஒழுகுதுன்னு வந்தீக. மாத்தவான்னு கேட்டேன். கம்பத்துல எவனுக்குய்யா ஹீட்டர்னு சொன்னீக."

சொன்னேன். சொல்லிவிட்டு இருவரும் சிரித்ததுகூட நினைவிருக்கிறது.

12, வெள்ளி

விஷயம் இதுதான். டேஷ்போர்டுக்குப் பின்னால் கையகலத்தில் ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும், மேலே காற்று ஊதும், வண்டிக்குள் சூடு வரும். அந்தக் குட்டியைத்தான் அன்று தூக்கி எறிந்திருக்கிறோம். கம்பத்தில் கிடைக்கவில்லை. தேனியில் நான்கு கடை. ஒருவர், "ஏசி கேஸ் அடிக்கணும்னா சொல்லுங்க" என்றார்.

கடைசியில் லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறினேன். பழைய வண்டி உடைக்கும் கடை. தார்ப்பாய்க்குக் கீழே என் காரின் உடன்பிறப்பு ஒன்று, சக்கரம் இல்லாமல். கடைக்காரர் மலையாளி.

"இக்கா, இவ்விட ஹீட்டர் இல்லாம எவன் வண்டி ஓட்டும்? மஞ்சு எறங்கினா கண்ணாடி காணான் பற்றில்ல."

பனி இறங்கினால் கண்ணாடியில் வழி தெரியாதாம். கழற்றிக் கொடுத்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒழுகவில்லை.

இறங்கி வரும்போதுதான் ஜும்ஆ தொழுகை தவறிவிட்டது தெரிந்தது. முன்பெல்லாம் இரண்டு நாள் மனசு அரிக்கும். இன்று அதுவும் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

14, ஞாயிறு

வெயில். முருகேசன் பட்டறையில் பகல் முழுக்க. டேஷ்போர்டைப் பிரித்ததில் உள்ளே கிடந்தவை: நூருவின் ஹேர்பின், ஒரு பேனா மூடி, பல்லி எலும்பு.

நான்கு மணிக்கு மாட்டி முடித்து எஞ்சினை ஓடவிட்டோம். காற்று வந்தது. சூடு வரவில்லை. வாயால் ஊதினால் இதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று அவன் எடுத்துவிட்டான். அப்படியும் அதே.

கத்திவிட்டேன். ஏப்பா, இருபது வருசமா இதைத்தான் படிச்சியா என்று, எல்லோர் முன்னாலும். அவன் கையைத் துடைத்துக்கொண்டே எஞ்சினைப் பார்த்தான்.

"பாய், வால்வையும் எடுத்துட்டோம்ல."

எஞ்சினில் ஒரு வால்வு உண்டு. தண்ணீர் நன்றாகச் சூடேறும்வரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் அடைத்து வைக்கும். ஒரு சித்திரை மாதம் மலையில் வண்டி கொதித்ததென்று அதையும் பிடுங்கிவிட்டோம். இந்தப் பக்கம் பழைய வண்டி பாதிக்கு அது கிடையாது. அதனால் தண்ணீர் எப்போதும் ஆறிய தண்ணீர். எங்கிருந்து வரும் சூடு? வண்டி சூடாகக் கூடாதென்று நானே பார்த்துப் பார்த்துச் செய்து வைத்த வேலை.

முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

15, திங்கள்

வால்வு தேனியில் கிடைத்தது. மாட்டியாயிற்று.

பகல் ஒரு மணி, நல்ல வெயில். ஜொஹராவை முன்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஹீட்டரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முருகேசன் வெளியே நின்று தலையில் கைவைத்துக்கொண்டான். அவள் கையுறையைக் கழற்றி, காற்று வரும் இடத்தில் விரல்களை விரித்து வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினேன்.

"கை வருதுங்க" என்றாள்.

சந்தோஷப்பட்டிருக்கலாம். வேலை முடிந்தது என்று மட்டும் தோன்றியது.

16, செவ்வாய்

மூட்டை கட்டுகிறாள். சேலை 9, கம்பளி 2, காலுறை 4 ஜோடி, மாத்திரை டப்பா, குழந்தைக்குப் பழைய வேட்டி கிழித்துத் தைத்த துணி ஒரு கட்டு, சுக்கு, பூண்டு, நல்லெண்ணெய். நாலு நாள் இருந்துவிட்டு இறங்குவதற்கு ஒன்பது சேலை எதற்கு என்றேன்.

"மலையில துணி காயாதுங்க."

அது உண்மைதான்.

18, வியாழன்

காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். கூடலூர் தாண்டியதும் ஹீட்டர். லோயர் கேம்பில் அவள் தூங்கினாள், மலை வளைவுகளில் விழித்தாள். வாந்தி இல்லை. குமுளி தாண்டிக் கண்ணாடியில் பனி படிந்தது. ஹீட்டர் காற்றைத் திருப்பிவிட்டதும் கலைந்தது. ஒழுகவில்லை, கொதிக்கவில்லை. முருகேசனுக்குச் சொல்ல வேண்டும்.

வண்டிப்பெரியாறு நெருங்கும்போது சொன்னாள்.

"இருவத்திமூணுக்கு நீங்க வர வேணாம்."

"வராம? பஸ்ல எறங்கப் போறியா?"

"நான் எறங்கல. ஊசி போதும்ங்க."

முன்னால் தேயிலை லாரி. நான் முந்தவில்லை. டாக்டர் என்ன சொன்னாரென்று பேச்சை எடுத்தேன்.

"அவுகள்ட்ட நானும் கேட்டேன். நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீக. எட்டும் போட்டா முழுசாப் போயிருமான்னு கேட்டேன். போகாதும்மா, தள்ளிப் போடலாம்னாக. எத்தன நாளைக்குன்னேன். சரியாச் சொல்ல முடியாதுன்னுட்டாக."

"தள்ளிப் போனா நல்லதுதானே."

"தள்ளிப் போற நாள்ல ஒரு டம்ளரத் தொட முடியல. ஒவ்வொரு ஊசிக்கும் விரலு இன்னும் செத்துப் போகுது. புள்ளய நான் கையில வாங்கணும்ங்க. வாங்குனேன்னு கைக்குத் தெரியணும்."

கோபம் வர வேண்டும், வரவில்லை. அவள் சொன்னது தப்பு என்று காட்ட ஒரு வார்த்தை தேடினேன், அதுவும் வரவில்லை. அவளை விட்டு நான் என்ன செய்வேன் என்பதுதான் வாய் வரை வந்தது. அதைக் கேட்கும் இடம் அது இல்லை.

பீர்மேட்டில் நூரு கட்டிலில் படுத்தபடியே கை நீட்டினாள். ஜொஹரா கையுறையோடு பிடித்துக்கொண்டாள்.

19, வெள்ளி

காலை கடும்பனி. நூருவிடம் ஊசி விஷயம் சொல்லக் கூடாதென்று ஜொஹராவின் உத்தரவு. "அத்தா, அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்றாள் மகள். தலையாட்டினேன். ஜொஹரா வாசல் வரை வரவில்லை, வெளியே குளிர். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள்.

தனியாக இறங்கினேன். வழி எதுவும் நினைவில்லை. கம்பம் பெட்ரோல் பங்கில் டீசல் போட வந்தவர் கதவுப் பக்கம் குனிந்து, சட்டென்று பின்வாங்கினார்.

"என்ன பாய், உள்ள இப்படி அனலடிக்குது?"

அப்போதுதான் பார்த்தேன். ஹீட்டர் முழுதாக ஓடிக்கொண்டிருந்தது, பீர்மேட்டிலிருந்து. வேட்டி வரை நனைந்திருந்தேன். அணைத்தேன்.

ஜும்ஆவுக்குப் போனேன். வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்தது வரவேற்பில் இருக்கும் பெண். இருபத்துமூன்றாம் தேதி ஜொஹரா வரவில்லை என்றேன். ஊருக்குப் போயிருக்காகளா என்று கேட்டாள். ஆமாம், மகள் வீட்டுக்கு.

"அடுத்த தேதி போடட்டுங்களா?"

"வேணாம்மா" என்றேன்.